எட்டு மாத்திரை மிச்சம்

உட்கார்ந்து எழுதுவது எனக்கு ஒத்துவராத காரியம். இந்த முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுப்பு எரியவே இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் நடையிலுமாக வேலை பார்த்துப் பழகிய உடம்பு, நாற்காலியில் போட்டால் முரண்டு பிடிக்கிறது.

எழுத வைத்தது ஒரு மாத்திரை டப்பா. போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். அம்பத்தூரில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். என் இடத்தில் இப்போது இருக்கிற பெண் ஒரு புது டப்பாவைக் காட்டினாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது நேரத்தைப் பதிந்துவைத்துக்கொள்ளுமாம்.

"இனிமே பேஷண்ட் மாத்திரை சாப்பிட்டாரா இல்லையான்னு சந்தேகமே வேணாம் மேடம்" என்றாள்.

"திறந்து, எடுத்து, வாயில போடாம மூடிட்டா?" என்றேன்.

"யாராவது அப்படிச் செய்வாங்களா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரை அப்படிச் செய்யவைத்ததே நான்தான். அன்றையிலிருந்து மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருஷ நர்ஸ் பயிற்சியில் விரிப்பை மடிப்பில்லாமல் போடவும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவது மட்டும் நிலைத்தது. கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். அங்கிருந்து தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூர். எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஆஸ்பத்திரி இதயப் பிரிவுக்கு டாக்டர் வேதகிரி வந்தார். வார்டில் இருந்த நர்ஸ்களில் யார் கால் ஓயாமல் அலைகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, என்னைத் தன் ஆய்வு வேலைக்கு இழுத்துக்கொண்டார். கிரேஸ் சிஸ்டராகிய நான் தெருத்தெருவாக அலைய ஆரம்பித்தது அப்படித்தான்.

ஆய்வு, பீட்டா பிளாக்கர் என்கிற மாத்திரையைப் பற்றியது. பயமோ கோபமோ ஓட்டமோ வந்தால் உடம்பில் ஒரு சுரப்பு கிளம்பி, இதயத்தை ஓடு ஓடு என்று விரட்டும். இந்த மாத்திரை அந்தச் சத்தம் இதயத்தின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளும். இதயம் நிதானமாக அடிக்கும், நெஞ்சுவலி குறையும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு நல்ல பெயர். டாக்டர் வேதகிரியின் கேள்வி வேறு: உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்று இரும்பு தூக்குகிற அம்பத்தூர் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இது எப்படி ஒத்துக்கொள்ளும்? இதயம் நிதானமானால் அவனால் வேலை செய்ய முடியுமா?

பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த விவரம் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கவராக ஒட்டி, டாக்டரின் இரும்பு பீரோவில் இருக்கும். ஆபத்து என்றால் மட்டுமே பிரிக்கலாம். இதை நெஞ்சுவலிக்காரர்களைக் கூட்டிவைத்து டாக்டர் விளக்கினார். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். டாக்டருக்கே தெரியாத மருந்தை எவன் தின்பான்?

பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். "அதாவது சார், கோயில்ல பூ கட்டிப் பாக்கற மாதிரி. செவப்பு ஒரு பொட்லம், வெள்ள ஒரு பொட்லம். பிரிக்கற வரிக்கும் பூசாரிக்கே தெரியாது. அதானே?"

"அதேதான்" என்றார் டாக்டர். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டவர் பெயர் ஏகாம்பரம். திருவேற்காட்டுக்காரர், எஸ்டேட்டில் ஒரு இரும்புப் பட்டறையில் சம்மட்டி மெஷின் ஓட்டுபவர். வயது நாற்பத்தைந்துக்குள்.

டாக்டர் வேதகிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அவ்வளவுதான். கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு நிற்போம். நாடி பார்ப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வழக்கம் எல்லா நர்ஸுக்கும் உண்டு. அவரிடம் அது செல்லாது. முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். என்னைச் சோதிக்க, நோயாளியின் வலது மணிக்கட்டை அவர் பிடித்துக்கொள்வார், இடது மணிக்கட்டை நான். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பிரிப்பார். ஒன்றிரண்டு வித்தியாசம் என்றால் பேசாமல் போய்விடுவார். நாலு வித்தியாசம் என்றால் கண்ணாடி மேஜைக்கு வரும். "எண்ணறதுக்கு முன்னாடியே ஒரு எண்ணை மனசுல வெச்சுக்காதே கிரேஸ்" என்பார். அதுதான் என்னால் முடியாத காரியம்.

மாத்திரைக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு டப்பாவில் அறுபத்திநாலு. தினம் இரண்டு வேளை, இருபத்தெட்டு நாள், ஐம்பத்தாறு. மிச்சம் எட்டு இருக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை நான் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், பழைய டப்பாவைச் சின்ன எவர்சில்வர் தட்டில் கொட்டி, கரண்டிக் காம்பால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, புது டப்பா கொடுத்து, நாடி பார்த்து, இரண்டையும் தாளில் அதனதன் கட்டத்தில் எழுதிவிட்டு வர வேண்டும். எட்டுக்குக் கூடவோ குறையவோ இருந்தால் தொல்லை. இரண்டு பக்க விசாரணைத் தாள் நிரப்ப வேண்டும். நோயாளி அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

அதனால் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். போகிற வீட்டிலெல்லாம், "எட்டு இருக்கணும், தெரியுதா? எட்டு இல்லைன்னா எனக்குத்தான் திட்டு விழும்" என்று சொல்லி வைத்தேன். எட்டு இருந்தால் வாயெல்லாம் பல்லாக நிற்பேன். பத்து இருந்தால் என் முகம் சுண்டிப்போகும். நாலைந்து மாதத்தில் திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, எங்கே போனாலும் எட்டு. எனக்கு ஒரே பெருமை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எட்டு மிச்சம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஏகாம்பரத்தின் நாடி முதல் நாள் தொண்ணூற்றுநாலு. இரண்டாவது மாதம் அறுபத்தாறு. அதன் பிறகு அறுபத்திரெண்டை விட்டு நகரவில்லை. யாருக்கு எந்த மாத்திரை என்று ஊகிக்கக் கூடாது என்பது சட்டம். என் விரலுக்குக் கண்ணைக் கட்ட முடியுமா? அவருக்கு விழுந்தது நிஜ மாத்திரைதான் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"சிஸ்டர், மின்ன அல்லாம் பஸ்ஸுக்கு ஓடினா மார்ல பாறாங்கல்ல வெச்ச மாதிரி இருக்கும்" என்பார். "இப்ப ஜோரா ஓடறேன். பஸ்தான் நிக்க மாட்டேன்னுது."

அவர் மனைவி கன்னியம்மா அதிகம் பேசமாட்டார். நான் போனால் ஒரு சொம்பு மோர் வரும். அவர்களுக்கு ஒரே பெண், பத்து வயது. நான் மாத்திரை எண்ணும்போது அதுவும் கூடவே உதடு அசைய எண்ணும்.

அடுத்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. கன்னியம்மா வேலிப் படலுக்கு உள்ளேயே நின்றுகொண்டார்.

"உள்ள வராதீங்க சிஸ்டர். ஊட்ல அம்மா வந்துகீறா. பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் முத்து" என்றார்.

அம்மை போட்ட வீட்டின் முறைகள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை வீடு அம்மனுடையது. நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்றாலும் அதற்கு மரியாதை கொடுத்துத்தான் பழக்கம். ஏகாம்பரம் டப்பாவை எடுத்துக்கொண்டு படலுக்கு வந்தார். என் பையின் மேலேயே தட்டை வைத்து எண்ணினேன். எட்டு. புது டப்பாவைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போலச் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, படலுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

அப்போது தெருமுனையில் பூந்தமல்லி பஸ் திரும்பியது. அதை விட்டால் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். பூந்தமல்லியில் இன்னும் நாலு வீடு பாக்கி. "அம்மை வீடு, தொட வேணாம். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு இறங்கியிருந்தது, தொடுவதில் எந்த பயமும் இல்லை. பஸ்ஸைப் பார்த்தபடியே நாடிக் கட்டத்தில் அறுபத்திரெண்டு என்று எழுதிவிட்டு ஓடினேன். அவருக்கு அதைவிட வேறு என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு ஏகாம்பரத்தை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஈசிஜி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் பீரோவைத் திறந்து அவருடைய கவரைப் பிரித்தார். நிஜ மாத்திரை. என் தாளை எடுத்துப் பார்த்தார். மிச்சம் எட்டு, நாடி அறுபத்திரெண்டு. பிறகு ஏகாம்பரத்தின் மணிக்கட்டில் விரலை வைத்து முழு நிமிஷமும் எண்ணினார்.

"நூத்தி இருபத்தினாலு" என்றார். "இந்த மாத்திரை சாப்பிடறவருக்கு மாரடைப்பே வந்தாலும் இவ்வளவு வேகம் வரக் கூடாது. கிரேஸ், முந்தாநாள் நீ எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏகாம்பரம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றால், அதே மருந்தை ஊசியில் மறுபடி ஏற்றினால் இதயம் ஒரேயடியாக அடங்கிவிடலாம். சாப்பிடவில்லை என்றால், இப்போது அவருக்கு வேண்டியதே அந்த மருந்துதான். மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் இதயம், சத்தம் கேட்கவில்லையே என்று கூடுதலாகக் காதுகளை முளைக்கவைத்துக்கொள்ளும் என்று டாக்டர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். திடீரென்று நிறுத்தினால் அத்தனை காதிலும் ஒரே நேரத்தில் விரட்டல் விழும். இதயம் தறிகெட்டு ஓடும். கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு டாக்டர் கையில் இருந்த ஒரே ஆதாரம் என் தாள். அதில் இருந்தது பொய்.

ஒரு காரணமும் இல்லாமல் வார்டை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கன்னியம்மா தூணோரமாக நின்றிருந்தார். எண்ணெய் காணாத தலை, கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போய், முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மாத்திரைகள்.

"அம்மா ஊட்ல கீறப்ப இங்கிலீசு மாத்தர துன்னக் கூடாது சிஸ்டர். நான்தான் வேணான்ட்டேன். அவரும் சரின்ட்டாரு" என்றார். "தெனம் ரெண்டு எடுத்து என்னாண்ட குடுத்துடுவாரு. தூக்கிப் போட மன்சு வரல, மருந்தாச்சே."

"எதுக்கு எடுக்கணும்? டப்பாலயே விட்டிருக்கலாமே?"

"கணக்கு தப்பினா சிஸ்டருக்குத் திட்டு உழும்னாரு. எட்டு இருக்கணுமாமே?"

என் உள்ளங்கையில் கொட்டினார். பழக்கதோஷம், எண்ணினேன். ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று. பதினெட்டு. ஒன்பது நாள். நான் படலுக்கு வெளியே நின்ற அன்றைக்கே ஏழு நாள் ஆகியிருந்தது. அன்று அந்தக் கையைத் தொட்டிருந்தால் விரலுக்கு அடியில் நாடி குதித்திருக்கும். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருக்கலாம். எனக்காகப் பொய் எட்டு வைத்தவர் உள்ளே கிடக்கிறார். பஸ்ஸுக்காகப் பொய் அறுபத்திரெண்டு எழுதியவள் மருந்தை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். என்மேல் எனக்கு அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"இத டாக்டராண்ட சொல்லாதீங்க சிஸ்டர். நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லுவாங்க" என்றார் கன்னியம்மா.

"சொல்லியே ஆகணும்மா. சொன்னாத்தான் பிழைப்பார்" என்று உள்ளே ஓடினேன்.

பதினெட்டு மாத்திரையையும் டாக்டர் முன்னால் மேஜையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்போ அறுபத்திரெண்டு?"

"கையைத் தொடவே இல்லை சார்."

டாக்டர் எழுந்து, தானே ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனார். "இடது கையை நீ பிடி" என்றார். ஏகாம்பரம் கண்ணைத் திறந்து ஊசியைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் தலையை ஆட்டினார்.

"மூணாந் தண்ணி இன்னும் ஊத்தல சார்" என்றார். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. "அம்மா எறங்கல."

டாக்டர் என்னைப் பார்த்தார். கதவோரத்தில் இருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"போட்டுக்கய்யா. அவளாண்ட நான் பேசிக்கிறேன்."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். டாக்டர் மருந்தைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு நிறுத்தினார். இரண்டு பேரும் எண்ணினோம். நூற்றுப் பதினெட்டு. இன்னும் கொஞ்சம். நூற்று நாலு. மறுபடி. தொண்ணூறு. இடையில் இடையில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டார். எண்பத்தாறில் ஏகாம்பரத்தின் நெற்றி வியர்வை நின்றது. அன்று என் எண்ணும் டாக்டரின் எண்ணும் ஒரு தடவைகூட வேறுபடவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் போனது போனதுதான்.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளை முன்னால் வைத்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனேன். நான் ரப்பரை எடுத்ததும், "அழிக்காதே" என்றார். "ஒரே கோடு போடு. அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும். பக்கத்துல எண்ணவில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு." போட்டேன். "இது மாதிரி இன்னும் எத்தனை?" என்றார். இரண்டு இருந்தது. சொன்னேன். அவற்றுக்கும் கோடு. பிறகு எல்லோருடைய தாள்களையும் மேஜையில் பரப்பிவைத்து, எட்டு இருந்த கட்டங்களில் எல்லாம் விரலை வைத்துக்கொண்டே போனார். எட்டு, எட்டு, எட்டு.

"மனுஷங்க இப்படியா மாத்திரை சாப்பிடுவாங்க? ஒருத்தர் கூடவா ஒரு வேளை மறக்கலை?" என்றார். "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும். தப்பு உன் ஒருத்தியோடது இல்லை கிரேஸ்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையை விட்டு நீக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. எனக்கு நிம்மதி போனது அங்கேதான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்து நரம்பைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். அம்பத்தூர் வந்து சேர்வதற்குள் நாலு பேரை எண்ணிவிடுவேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஏகாம்பரத்துக்கு நாளடைவில் இதயம் பலவீனமானது. நாலு அடி நடந்தால் இளைத்தது. கால் வீங்கியது. தலையணை மூன்றை அடுக்கித்தான் படுக்க முடிந்தது. அந்தக் காலத்துப் பாடம் ஒன்றே ஒன்று: பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் ஆகவே ஆகாது, தள்ளாடுகிற மாட்டைக் கட்டிப்போடுகிற மாதிரி. டாக்டர் அதை நிறுத்தினார், இந்தத் தடவை படிப்படியாக. நீர் பிரிய மாத்திரையும் வேறு இரண்டும் கொடுத்தார். பட்டறை வேலை போயிற்று. செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வருவார், கையை நீட்டுவார், எண்ணுவேன். அறுபத்திரெண்டைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. ஏழெட்டு வருஷம் திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் டாக்டர் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, உட்காராமல் அறையில் நடந்துகொண்டே இருந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நடப்பது என் வேலை.

"எதை ஆகவே ஆகாதுன்னு சொன்னோமோ, அதையே கொடுக்கணும்ங்கறாங்க கிரேஸ்" என்றார். "பலவீனமான இதயத்துக்குத்தான் இது ரொம்ப நல்லதாம். ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிச்சு, மெதுவா ஏத்தணுமாம். நாம எத்தனை பேருக்கு வேணாம்னு சொல்லி அனுப்பினோம்?"

எனக்கு அது பைபிள் மாதிரி மனப்பாடம் செய்த பாடம். யார் பெயரும் சொல்லாமலே இரண்டு பேருக்கும் ஏகாம்பரம்தான் நினைவுக்கு வந்தார்.

அடுத்த தடவை அவர் வந்தபோது டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஏகாம்பரம் ஒரே பிடியாக மறுத்தார். "துன்னுன்னீங்க சார், துன்னேன். உட்டேன், உயிரு போய்ட்டு வந்துச்சி. இது ஒனக்கு ஆவாதுன்னீங்க. இப்ப மறுபடி துன்னுன்றீங்க. இன்னா சார் கத?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "நீ பேசிப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மருந்தைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. இவரை நம்பச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"ஏகாம்பரம், ஒண்ணு சொல்லணும். அம்மை போட்டிருந்தப்போ வந்தேனே, அன்னிக்கு உங்க நாடியை அறுபத்திரெண்டுன்னு எழுதினேன். உங்க கையை நான் தொடவே இல்லை. தொட்டிருந்தா உங்களுக்கு இந்த நிலைமையே வந்திருக்காது."

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கைய நீட்டிகினு நின்னவன் நான்தானே. நீங்க பஸ்ஸப் பாத்துகினே கட்டத்துல எழுதினீங்க. எந்தக் கட்டம் எதுக்குன்னு மாசா மாசம் பாத்துகினு இருந்தவனுக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"எட்டு வெச்சவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"துன்றேன் சிஸ்டர். ஆனா இந்த தபா டப்பாவ எண்ணாதீங்க. என்னக் கேளுங்க. துன்னா துன்னேன்னு சொல்றேன், இல்லன்னா இல்லன்னு சொல்றேன். நீங்களும் கையப் புட்சாத்தான் எழுதணும்."

சரி என்றேன். கால் மாத்திரையில் ஆரம்பித்தோம். இரண்டு வாரம் கழித்து அடுத்த அளவுக்கு ஏற்ற வேண்டும் என்பது டாக்டரின் திட்டம். அன்றைக்கு நான் திருவேற்காட்டுக்கே போனேன். ஏகாம்பரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டப்பா பக்கத்திலேயே, மூடி திறந்து இருந்தது. கை துறுதுறுத்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அவர் கன்னியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாலு நாளு துன்னல சிஸ்டர். தல கிறுகிறுன்னு வந்துச்சி, பயமாப்பூட்ச்சி. அப்பறமா மறுபடி ஆரம்பிச்சேன்."

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு நாள் சாப்பிடவில்லை, தலைசுற்றல் என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் அளவை ஏற்றாமல் இன்னும் ஒரு மாதம் பொறுத்தார். இல்லாவிட்டால் அன்றைக்கே ஏற்றியிருப்பார், ஏகாம்பரம் தாங்கியிருக்க மாட்டார். ஆனால் அது பிறகு. அன்று அவர் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு, மனசில் எந்த எண்ணும் இல்லாமல் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.